காமிராவும் நாமும்: மேட்டுக்கு அப்பாலிருந்து வருபவன்

சில திங்களுக்கு முன் இப்பகுதியில் மணவறை வெளிச்சத்தில் படம் பிடிப்பதைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த சங்க அன்பர் ஒருவர் ஒரு ஞாயிறு மாலை நம் இல்லம் தேடி வந்தார். காப்பித் தம்ளரைக் கையில் வாங்கியதும், "தம்பி, அசையாமல் உட்கார்ந்திருக்கும் மாப்பிள்ளையை எவரும் எடுத்துவிடலாம். அசைகிறவனை எடுக்க உங்களுக்கு வருமா?" என்று கேட்டார்.

அசைகிறவன் என்று அவர் சொன்னது தம் மூத்த புதல்வனை. புனேயிலேயே பிறந்து வளர்ந்த பத்தொன்பது வயதுப் பிள்ளை; பிம்ப்ரியில் ஒரு தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளி. மண்மேடுகளின் மீது மோட்டார் சைக்கிள் ஓட்டும் மோட்டோகிராஸ் பந்தயத்தில் அவனுக்குத் தீராத பித்து. வண்டி நண்பனிடம் இரவல். டயரும் நுழைவுக் கட்டணமும் சொந்தச் செலவு. தாயாருக்கு இந்த விளையாட்டே ஆகாது. இனி டயருக்கென்று வீட்டிலிருந்து ஒரு ரூபாயும் பெயராது என்று அந்த அம்மாள் முடிவாகச் சொல்லிவிட்டாராம். இந்நிலையில் டயர் வியாபாரி ஒருவர், "பந்தயத்தில் நீ ஓட்டுவதுபோல் நல்ல படமாக ஒன்று கொண்டு வா. கடையில் பெரிதாக மாட்டிக்கொள்கிறேன். அடுத்த பருவத்துக்கு டயர் என் பொறுப்பு" என்று வாக்களித்திருந்தார். ஆகவே, ஒரு படத்தில் அப்பிள்ளையின் ஓராண்டு அடங்கியிருந்தது. நாமோ சற்றும் யோசியாமல், "வரும், வரும்" என்று சொல்லிவிட்டோம்.

மோட்டோகிராஸ் என்பதை அறியாத நேயர்களுக்கு இரண்டொரு வார்த்தை. 1924-இல் இங்கிலாந்தில் காம்பர்லி என்னுமிடத்தில் கரடுமுரடான நிலத்தில் நடந்த மோட்டார் சைக்கிள் போட்டியை இதன் தொடக்கமாகச் சொல்வார்கள். 1957-இல் உலகப் போட்டியாயிற்று. 1972-இல் அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலிஸ் விளையாட்டரங்கத்துக்குள்ளேயே மண்ணைக் கொண்டுவந்து கொட்டி மேடு கட்டி ஓட்டினார்கள். அவ்வகைக்குச் சூப்பர்கிராஸ் என்று பெயர் வழங்கலாயிற்று. நம் புனேயிலும் 2024 ஜனவரியில் பாலேவாடி விளையாட்டு வளாகத்தில் இந்தியச் சூப்பர்கிராஸ் லீகின் முதற் சுற்று நடந்ததைச் சங்கக் குடும்பங்கள் சில நேரில் கண்டிருக்கக் கூடும். நம் நண்பரின் பிள்ளை ஓட்டுவது அத்தனை பெரிய அரங்கில் அன்று. நகருக்கு வெளியே, உள்ளூர்க்காரர்கள் மேடு கட்டிக் கயிறு இழுத்து நடத்தும் பந்தயம் அது.

முதற் பந்தயத்தில் நாம் எடுத்த படங்கள் நானூற்றுப் பன்னிரண்டு. வீட்டுக்கு வந்து கணிப்பொறியில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தோம். பின்னால் கட்டியிருந்த விளம்பரத் துணியின் எழுத்துக்கள் கத்தரித்து ஒட்டியதுபோல் தெளிவாக இருந்தன. பாதையோரத்து வைக்கோற் கட்டில் ஒவ்வொரு துரும்பையும் எண்ணலாம். பிள்ளையோ எல்லாப் படங்களிலும் நீரில் கரைந்த சாயம்போல் காணப்பட்டான். தெளிவாக வந்த மோட்டார் சைக்கிள் ஒன்றே ஒன்று, அது வேறொருவனுடையது. நண்பர் படங்களைப் பார்த்துவிட்டு, "வைக்கோல் நன்றாக வந்திருக்கிறது" என்று மட்டும் சொன்னார்.

குற்றம் காமிராவினுடையதா, நம்முடையதா என்று அறிய வேண்டியிருந்தது. நம்முடையது பத்தாண்டுப் பழமையுள்ள, உள்ளே கண்ணாடி வைத்த காமிரா. தானாகவே போகஸ் செய்துகொள்ளும் காமிராக்கள் 1977-இல் ஜப்பானியக் கோனிகா நிறுவனத்தின் சிறு காமிராவோடு கடைக்கு வரத் தொடங்கின. 1985-இல் மினோல்டா 7000 வந்த பிறகே, லென்ஸை மாற்றிக்கொள்ளும் பெரிய காமிராக்களில் இவ்வசதி நன்கு வேரூன்றியது. அது செய்யும் வேலையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். கட்டைவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பாருங்கள். பிறகு கண்ணை மாற்றிப் பாருங்கள். விரல் இடம் பெயர்ந்ததுபோல் தோன்றும். விரல் அருகில் இருந்தால் மிகுதியாகவும், தொலைவில் இருந்தால் குறைவாகவும் பெயரும். காமிராவும் இப்படியே, லென்ஸின் ஒரு விளிம்பு வழியாக வரும் ஒளியையும் மறு விளிம்பு வழியாக வரும் ஒளியையும் ஒப்பிடுகிறது. இரண்டு பிம்பங்களும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தினால் போகஸ் சரி. பொருந்தாவிடில், எந்தப் பக்கம், எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டு லென்ஸை அவ்வளவு நகர்த்துகிறது. இது நிற்கும் பொருளுக்குப் போதும்.

ஓடும் பொருளுக்குப் போதாது. மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மோட்டார் சைக்கிள் ஒரு விநாடியில் 15 மீட்டர் கடக்கிறது. நாம் விசையை அழுத்தி, உள்ளிருக்கும் கண்ணாடி தூக்கிக்கொண்டு, ஷட்டர் திறப்பதற்குள் விநாடியில் இருபதில் ஒரு பங்கு கழிவதாக வைத்துக்கொள்வோம். அதற்குள் வண்டி 75 சென்டிமீட்டர் முன்னே வந்துவிடும். 200 மில்லிமீட்டர் லென்ஸை எப் 2.8 என்னும் அகலத் துவாரத்தில் திறந்து வைத்து, 10 மீட்டர் தொலைவிலுள்ளவரை எடுத்தால், தெளிவாக விழும் பகுதியின் ஆழம் ஏறத்தாழ 40 சென்டிமீட்டர்தான். அளந்த இடத்தில் எடுத்தால் வண்டி அங்கே இராது. அதனால், ஓடுகிறவரைத் தொடரும் முறையில் வைத்தால், காமிரா அடுத்தடுத்து அளந்து வேகத்தைக் கணித்து, ஷட்டர் திறக்கும் நொடியில் வண்டி எங்கிருக்கும் என்று முன்னதாகவே ஊகித்து லென்ஸை அங்கே கொண்டுபோய் வைக்கிறது. நாம் முதற் பந்தயத்தில் இம்முறையில் வைக்கவே இல்லை. மணவறையில் வைத்திருந்தபடி, ஒரு முறை அளந்து அங்கேயே பூட்டிக்கொள்ளும் முறையில் விட்டிருந்தோம். இதை எழுதவும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொரு பிழை, எந்தப் புள்ளியில் அளப்பது என்பதைக் காமிராவின் விருப்பத்துக்கே விட்டது. அது அருகிலுள்ள பொருளையே பெரும்பாலும் பற்றும். வைக்கோற் கட்டுக்குப் பெருமை வந்தது இவ்வாறே.

எனினும் இவ்விரண்டையும் திருத்திக்கொண்டால் மட்டும் காரியம் முடிந்துவிடாது. வண்டி நெருங்க நெருங்க லென்ஸின் பாடு எவ்வளவு பெருகுகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். முழு லென்ஸும் முன்னே நகரும் எளிய அமைப்பு என்று கொண்டால், அதே 200 மில்லிமீட்டர் லென்ஸ், 40 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும் வண்டியைத் தொடர 1 மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும். அதற்கு ஒரு விநாடிக்கு மேல் அவகாசமும் உண்டு. 10 மீட்டரிலிருந்து 5 மீட்டருக்கு வரும்போதோ 4 மில்லிமீட்டர் நகர வேண்டும். அவகாசம் விநாடியில் மூன்றில் ஒரு பங்கே. அதாவது பதினாறு மடங்கு வேகம். பக்கத்தில் நின்றால் படம் பெரிதாக வரும் என்று கயிற்றை ஒட்டி நின்றது எவ்வளவு அறியாமை என்பது அப்போதுதான் விளங்கிற்று.

இவற்றுக்கெல்லாம் மேலானது மேடு. சாலையில் வரும் வண்டி தொலைவிலிருந்தே கண்ணில் படும். காமிரா அதை அளந்து அளந்து பழகிக்கொள்ளும். மோட்டோகிராஸ் மேட்டுக்கு இப்பால் நின்றால் வண்டியின் ஓசைதான் முதலில் வரும். பிறகு ஒரு கணத்தில், ஒன்றும் இல்லாதிருந்த வானத்தில், இரு சக்கரங்களும் தரையை விட்டு எழும்ப ஆளும் வண்டியும் முழுதாக நிற்பார்கள். முன்பு அளந்த கணக்கு ஏதும் இல்லாத பொருளைப் பற்றி எந்த யந்திரமும் ஊகிக்க இயலாது. அது வானத்தையோ பின்னாலுள்ள மரத்தையோ அளந்துகொண்டிருக்கும். வண்டியைக் கண்டு திரும்புவதற்குள் வண்டி இறங்கிவிடும்.

இச்சிக்கலுக்கு வழி தேடியபோது, புகைப்படக் கலையின் மிகப் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. ஓடும் குதிரையின் நான்கு குளம்புகளும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழுகின்றனவா என்பது 19-ஆம் நூற்றாண்டில் ஒரு வழக்கு. அதைத் தீர்த்துவைக்கப் பொருள் கொடுத்தவர் கலிபோர்னியாவின் முன்னாள் ஆளுநர் லீலண்ட் ஸ்டான்போர்டு. அவர் சென்ட்ரல் பசிபிக் இரயில்வேயின் தலைவர் என்பதை, நாமும் இரயில்வேச் சோறு உண்பவர் என்ற உரிமையில், இங்கே குறித்துக்கொள்கிறோம். 1878 ஜூனில் பாலோ ஆல்டோவில் எட்வர்டு மைப்ரிட்ஜ் என்னும் புகைப்படக்காரர் ஓடுபாதையோரத்தில் காமிராக்களை வரிசையாக நிறுத்தி, பாதையின் குறுக்கே நூல் கட்டிவைத்தார். குதிரை ஓடிவந்து நூலை அறுக்க அறுக்க, காமிராக்கள் ஒன்றன்பின் ஒன்றாக இயங்கின. நான்கு குளம்புகளும் வயிற்றுக்கு அடியில் மடிந்து அந்தரத்தில் இருப்பது படத்தில் விழுந்தது. மைப்ரிட்ஜ் குதிரையைத் துரத்தவில்லை. குதிரை வரப்போகும் இடத்தைப் பார்த்து வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

இரண்டாம் பந்தயம் ஆறு வாரம் கழித்து. இம்முறை அலுவலக நண்பர் ஒருவர் தம் புதிய காமிராவை இரவல் தந்தார். பிள்ளைக்கு வண்டி இரவல், நமக்குக் காமிரா இரவல். கண்ணாடி இல்லாத அக்காமிரா, படம் விழும் தகட்டிலேயே தூரத்தை அளந்துகொள்வது. அன்றியும் இன்னது மோட்டார் சைக்கிள், இது ஓட்டுகிறவரின் தலைக்கவசம் என்று இனங்கண்டு பற்றிக்கொள்வது. ஏராளமான படங்களைக் காட்டி யந்திரத்துக்கு இவ்வாறு பாடம் கற்பிக்கும் முறை சில ஆண்டுகளாகவே காமிராக்களில் பரவியிருக்கிறது. 2019-இல் வந்த ஒலிம்பஸ் காமிரா ஒன்று பந்தய வண்டிகளையும் விமானங்களையும் மட்டுமின்றி இரயில்களையும் இனங்காணும். நம் நிலையத்தில் வண்டி எந்த மேடைக்கு வருகிறது என்று பிரயாணிகள் கேட்கும்போதெல்லாம் அக்காமிராவை நினைத்துக்கொள்வதுண்டு.

பந்தயத்துக்கு முன்பே சென்று பயிற்சிச் சுற்றுகளைக் காமிராவைத் தொடாமல் பார்த்தோம். இது பெரிய பயன் தந்தது. மூன்று சுற்றுக்குள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் ஏறத்தாழ ஒரே தடத்தில் செல்வது தெரிந்துவிடும். மண்ணிலேயே பள்ளமாகத் தடம் விழுந்திருக்கும். கயிற்றை ஒட்டி நின்ற நம்மை, மஞ்சட் கொடி ஏந்திய பணியாளர் மராத்தியில் கடிந்து பின்னுக்கு அனுப்பினார். வளைவின் வெளிப்பக்கத்திலும், தாவி இறங்கும் தடத்துக்கு நேரெதிரிலும் ஒருபோதும் நிற்கலாகாது. பிடி தவறினால் வண்டி அங்கேதான் வரும். அரை மணிக்குள், நாம் முன்பு நின்றிருந்த இடத்துக்கு ஒரு வண்டி ஆளின்றித் தனியே வந்து சேர்ந்தது. ஓட்டி வந்தவர் புழுதியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். நமக்குத்தான் சிறிது நேரம் கை நடுங்கிற்று.

மேட்டுக்கு மைப்ரிட்ஜின் வழியைக் கைக்கொண்டோம். மேட்டின் முகட்டில், தடத்துக்குப் பக்கத்தில், வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு ஒன்று இருந்தது. அதில் போகஸ் செய்து, அங்கேயே நிறுத்தி, தானியங்கும் ஏற்பாட்டை அணைத்துவிட்டோம். துவாரத்தை எப் 8 வரை குறுக்கிக்கொண்டோம்; தெளிவின் ஆழம் ஒரு மீட்டரைத் தாண்டிற்று. ஷட்டர் வேகம் விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு; அதற்குள் வண்டி ஒன்றரை சென்டிமீட்டரே நகரும். பிள்ளையின் எண் 47. அவன் முந்தின மேட்டில் ஏறுவதைப் பார்த்து, வாயால் எண்ணிக்கொண்டு, ஓசை உச்சத்துக்கு வருமுன்பே விசையை அழுத்தித் தொடர்ச்சியாக எடுத்தோம்.

வளைவில் யந்திரத்தை நம்பினோம். அங்கே வண்டி வெகு தொலைவிலிருந்தே தெரியும்; வேகமும் குறையும். அது நம்பிக்கையைக் காப்பாற்றிற்று என்று சொல்ல வேண்டும். தலைக்கவசத்தைப் பற்றிய பிடியை முப்பது மீட்டர் வரை விடாமல் வந்தது. ஆனால், புறப்படும் இடத்தில் பன்னிரண்டு வண்டிகள் ஒருசேரப் பாய்ந்தபோது அதற்குப் பன்னிரண்டு தலைக்கவசங்களும் ஒன்றே. நம் பிள்ளை எவன் என்று அதற்கு யார் சொல்வது? மூன்று முறை வேறொருவன் பின்னால் போய்விட்டது. பின்சக்கரம் வாரி இறைக்கும் மண்ணையும் சில சமயம் வண்டி என்றே எண்ணிற்று. குறுக்கே எது வந்தாலும் உடனே தாவாமல் சற்றுப் பொறுத்திருக்கும்படி செய்யும் அமைப்பு ஒன்று இத்தகைய காமிராக்களில் உண்டு. அதைப் பொறுமையின் பக்கம் திருப்பிவைத்த பிறகு நிலைமை சீர்ப்பட்டது. அந்த மண் நம் லென்ஸின் மேலும் ஒரு கட்டியாக வந்து விழுந்தது. முன்னால் சாதாரணக் கண்ணாடி வில்லை ஒன்றை மாட்டியிருந்ததால், கீறல் அதன்மேல் விழுந்து இரவல் லென்ஸ் தப்பிற்று.

சங்கத்தில் பெரும்பாலோரிடம் இருப்பது கைப்பேசிக் காமிரா. அவர்கள் மனந்தளர வேண்டியதில்லை. கைப்பேசியின் லென்ஸ் சிறிது. ஆகவே தெளிவின் ஆழம் பெரிது. திரையில் வண்டி வரப்போகும் இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பல கைப்பேசிகளில் போகஸ் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பழகுவதற்குப் பந்தயம் தேட வேண்டாம். பூங்காவில் ஊஞ்சலாடும் குழந்தை போதும். முன்னே வந்து, உச்சியில் ஒரு கணம் நின்று, பின்னே போகும். ஒரு மாலையில் நூறு படம் எடுத்தால் கை தானே அறிந்துகொள்ளும். குழந்தை நம்முடையதாக இருக்க வேண்டும், அல்லது பெற்றோரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். ஓடுகிறவருக்குப் பக்கவாட்டில் நின்று, விநாடியில் அறுபதில் ஒரு பங்கு வேகத்தில், இடுப்பிலிருந்து உடலைத் திருப்பித் தொடர்ந்து எடுத்தால், ஆள் தெளிந்து, பின்னணி கோடுகோடாக இழுபடும். ஆயிரத்தில் ஒரு பங்கில் எடுத்த படத்தில் சக்கரத்தின் கம்பிகளைக்கூட எண்ணலாம். தரையில் எடுத்ததாயின் வண்டியை நிறுத்திவைத்து எடுத்ததோ என்று தோன்றும். அந்தரத்தில் நிற்பதைப் பார்த்து அப்படி எவரும் சொல்லார்.

இம்முறை எடுத்தவை இருநூற்று முப்பது. மேட்டில் தெளிந்தவை நான்கு. வளைவில் ஐம்பதுக்கு மேல். பிள்ளை ஒன்பதாவதாக வந்தான். மேட்டுப் படத்தைத்தான் டயர் வியாபாரி எடுத்துக்கொள்வார் என்று நாம் உறுதியாக இருந்தோம். அவர் அதை ஒரு முறை பார்த்துவிட்டு ஒதுக்கிவைத்தார். "இதில் டயர் எங்கே தெரிகிறது? ஆகாயம்தான் தெரிகிறது" என்றாராம். அவர் பிடித்துக்கொண்டது வளைவுப் படத்தை. அதில் பின்சக்கரம் மண்ணைக் கடித்து எறிகிறது. டயரின் பற்கள் ஒவ்வொன்றும் விளங்குகின்றன. யந்திரம் தானாக எடுத்துத் தந்த படம் அது. இப்போது கடையில் தொங்குகிறது. சொன்னபடி டயரும் வந்துவிட்டது.

மேட்டுப் படத்தை நண்பர் வீட்டுக்கு நாமே கொண்டுபோய்க் கொடுத்தோம். அந்த அம்மாள் கைகளைத் துடைத்துக்கொண்டு வாங்கி, சன்னலருகே சென்று வெகுநேரம் பார்த்தார்.

"இது எத்தனை அடி உயரம், தம்பி?"

"நாங்கள் கீழே குந்தியிருந்து எடுத்தோம், அக்கா. அதனால் உள்ளதைக் காட்டிலும் கூடுதலாகத் தெரியும்."

"எவ்வளவு கூடுதலாக?"

பிள்ளை அடுக்களைப் பக்கம் நழுவிவிட்டான். நண்பர் செய்தித்தாளை விரித்துக்கொண்டார். ஆளின் உயரத்தை அளவாகக் கொண்டு மனத்துக்குள் கணக்கிட்டுப் பார்த்து, "கழித்தது போக ஆறு அடி இருக்கலாம்" என்று உண்மையைச் சொல்லிவிட்டோம். அந்த அம்மாள் ஒன்றும் பேசவில்லை. படத்தை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தார். "கோவில்பட்டியில் அத்தைக்கு இதை அனுப்பிவிடாதீர்கள். வளைவில் எடுத்ததை அனுப்புங்கள்" என்றார்.

அடுத்த பந்தயம் மழைக்காலம் கழிந்து. அதற்குத் தாமும் வருவதாக அந்த அம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறார். மேட்டுக்கு எதிரே, நாம் நிற்கும் இடத்திலேயே தமக்கும் இடம் வேண்டுமாம். மஞ்சட் கொடிக்காரரிடம் கேட்டுப் பார்க்க வேண்டும்.